என் பக்கத்துச் சோறு

பிஸ்மி சொல்லிக் கை வைத்தாயிற்று, இனி நானாக எடுக்கக் கூடாது. ஒரு சஹனுக்கு நான்கு பேர். பெரிய வட்டத் தட்டின் நடுவில் நெய்ச்சோறு குவிந்திருக்கிறது, உச்சியில் ஆட்டுக்கறி, ஓரத்தில் கத்திரிக்காய் போட்ட தால்ச்சா, சுற்றிலும் நான்கு வலது கைகள். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது, ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்ற மூவரும் பசி இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் எங்கள் ஊரில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, பால் மறந்த நாளிலிருந்து பழகியது. தனித்தனித் தட்டு என்றால் மிச்சம் வைத்தது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். சஹனில் தெரியாது, பொதுச் சோற்றில் யார் எவ்வளவு தின்றார்கள் என்று யார் அளக்கப் போகிறார்கள், அந்தத் தைரியத்தில்தான் இத்தனை கல்யாணங்களில் ஒப்பேற்றியிருக்கிறேன். விரல்களை அளைய விடுவேன், உருண்டை பிடிப்பேன், வாய் வரை கொண்டு போவேன், நாலு பருக்கை உதட்டைத் தாண்டும், அதையே மென்றுகொண்டு பேசுவேன், பேச்சுக்கு என்னிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் இன்று என் வீட்டுக் கல்யாணம். எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பவர் என் மகள் ஹஃப்ஸாவுக்கு மாமியாராக வரப்போகிற மஹ்மூதா. அவருக்குப் பக்கத்தில் அவர் தங்கை ஆரிஃபா. எனக்கு இடப்பக்கம், ஒட்டி இடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரின் அக்கா பல்கீஸ் மச்சி. மாலையில் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ், அதற்கு முன் சம்பந்திமார் இரண்டு பேரும் ஒரே சஹனில் கை நனைத்தாக வேண்டும். காலையிலிருந்து எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

தண்ணீர் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் வெள்ளையாக ஏதோ குடிக்கக் கொடுத்துப் படம் எடுத்து, அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "பேண்ட் நழுவியிருக்கும்மா, எடுத்துடணும்" என்றார். என் இரைப்பையின் கழுத்தில் அவர்கள் போட்டுவிட்ட ரப்பர் வளையம் அது. அதைச் சுற்றிப் பூட்டி, ஒரு சின்னக் குழாயை விலா எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் கொண்டுவந்து ஒரு குமிழ் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அந்தக் குமிழுக்குள் ஊசியால் உப்புத் தண்ணீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும், சைக்கிள் டியூப் மாதிரி. ஒருக்களித்துப் படுத்தால் குமிழ் கைக்குத் தட்டுப்படும், நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்குவேன், பல்லில் மாட்டியதை நாக்கு தேடிப் போவது போல. எடுக்கணும் என்றதும் "கல்யாணம் முடியட்டும் டாக்டர்" என்றேன். எல்லா உம்மாமாரும் சொல்வதைத்தான் சொன்னேன். உள்ளே இருந்த உப்புத் தண்ணீரை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு அவர் சொன்னார், "தண்ணி இறங்குற வரைக்கும் நான் தடுக்கல. என்னிக்கு தண்ணியே இறங்கலையோ, அன்னிக்கு மணவறையிலருந்து எந்திரிச்சாவது வந்துடணும். உள்ள ரத்த ஓட்டம் நின்னு போச்சுன்னா அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல." மணவறை என்கிறார். எங்களில் நிக்காஹ் ஆண்களோடு பள்ளிவாசலில் முடிந்துவிடும், உம்மாக்காரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று அவருக்கு யார் சொல்வது. சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. இன்று காலை ஒரு மிடறு வெந்நீர், அதுவும் அப்படியே நின்று, கழுத்துக்குழி வரை ஏறி, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கக்கினேன், சத்தம் வெளியே போகக் கூடாதே. வெளியே யாரோ ஹஃப்ஸாவின் மருதாணிக் கையைப் பார்த்துச் சிவந்திருக்கு சிவந்திருக்கு என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சம்பந்தி, யோசனை? சாப்புடுங்க" என்கிறார் மஹ்மூதா. "சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க கறிய எடுத்துக்குங்க, எலும்பாப் பாத்து எடுக்குறியளே" என்று ஒரு நல்ல தொடைக்கறியை அவர் பக்கம் தள்ளுகிறேன். வீட்டுக்காரி தள்ளிவிட்டால் மரியாதை, தள்ளிவிட்ட கறிக்கு என் கணக்கிலிருந்து கழிவும் உண்டு. அவர் அளவாகச் சாப்பிடுகிறவர். அளவாகப் பேசுகிறவர். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கண்கள் மட்டும் அளவில்லாமல் பார்க்கின்றன. பார்க்கட்டும், பார்ப்பதற்காகத்தானே இந்த வளையமே. இவருக்கு முன்னால் ஒரு இடம் வந்தது, நல்ல இடம், கொழும்பில் கடை, பையன் தங்கம். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். ஹஃப்ஸா அப்போது கொடி மாதிரி இருந்தாள், இப்போதும்தான். நான் அவளுக்குப் பக்கத்தில் சோபாவில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பலகாரத் தட்டை நீட்ட எழுந்தபோது சோபாக் கையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. வந்தவர்களில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது போலக் கேட்டது: "உம்மாவப் பாருங்க. ரெண்டு புள்ள பெத்தா இதுவும் இப்பிடித்தான் ஊதும்." பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் பதிலே சொல்லவில்லை. ஹஃப்ஸா அழவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, என் முன்னால் அழக் கூடாது என்று குளியலறைக்குப் போனாள், குழாயைத் திறந்துவிட்டாள். குழாய்ச் சத்தத்தை நான் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். சென்னையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போய், வயிற்றில் அஞ்சு ஓட்டை போட்டு, வளையத்தை மாட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் வாயைத் திறக்க மாட்டார், கடையில் வியாபாரத்துக்கே திறக்க மாட்டார்.

வாயில் எச்சில் ஊறுகிறது. இதுதான் தொடக்கம், எனக்குத் தெரியும், முதலில் எச்சில், பிறகு நுரை, சவர்க்கார நுரை மாதிரி கெட்டியாக, விழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது, பிறகு நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஒரு கட்டைவிரல் உள்ளிருந்து அழுத்தும், பிறகு இடது தோள். தோளுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்பு நினைத்ததுண்டு, இருக்கிறதாம், நரம்புக்கு நரம்பு சம்பந்தி. இடது கையில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்திருக்கிறேன், வாயைத் துடைப்பது போல எச்சிலை அதில் விட்டுவிட்டு மடித்துக்கொள்கிறேன், இது நனைந்துவிட்டால் இன்னொன்று இடுப்பில் இருக்கிறது. "உங்கள மாதிரி இருக்கணும் மச்சி" என்கிறாள் ஆரிஃபா என்னிடம், வாய் நிறையச் சோறோடு. "எங்க ஊர்ல ஒங்க சீரகத் தண்ணிய குடிக்காத பொம்பள இல்ல. வெறும் வயித்துல ஒரு சொம்பு. எனக்கு ஒண்ணும் கொறையல, ரெண்டு தடவ ஓடுனதுதான் மிச்சம்." சீரகத் தண்ணீர் நான் சொன்னதில்லை. எப்படி மெலிந்தாய் என்று கேட்டுக் கேட்டு, நான் சிரித்துச் சிரித்து மழுப்ப, அவர்களாகவே சீரகம் என்று முடிவு கட்டினார்கள், நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை இல்லை என்றும் சொல்லவில்லை, மளிகைக்கடைக்காரர்கள்தான் எனக்கு நன்றிக்கடன் பட்டவர்கள். "நடக்கணும்மா ஆரிஃபா, நடந்தாத்தான்" என்கிறேன். என் குரல் ஈரமாக, குழறலாகக் கேட்கிறது. மஹ்மூதா நிமிர்ந்து பார்க்கிறார். நான் அவசரமாக உருண்டை பிடிக்கிறேன், நன்றாகத் தெரியும்படி, பெரிதாக. வாய் வரை கொண்டுபோய் உதட்டில் ஒற்றிவிட்டு, பேச்சு வாக்கில் திரும்பவும் சோற்றிலேயே உதிர்க்கிறேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன, இல்லை, பார்த்தால் எல்லாம் போச்சு.

பல்கீஸ் மச்சியின் கை என் பக்கம் வருகிறது. வரும் என்று எனக்குத் தெரியும். எந்தக் கல்யாணமானாலும் இந்த மனுஷி என் இடப்பக்கம்தான் உட்காருவாள், இன்னொருத்தி உட்கார்ந்திருந்தால் "தள்ளிக்க புள்ள, எனக்கு முட்டி மடங்காது" என்று நகர்த்திவிட்டு உட்காருவாள், முட்டிக்கும் என் இடப்பக்கத்துக்கும் என்ன உறவோ. உட்கார்ந்ததும் தன் பக்கத்துச் சோற்றை விட்டுவிட்டு என் பக்கத்தில் கை வைப்பாள். என் முன்னால் இருக்கும் சோற்றை அணை உடைப்பது போல உடைத்துத் தன் விரலுக்குள் இழுத்துக்கொள்வாள். ஒரு குழந்தை அப்படிச் செய்தால் கையில் தட்டுவார்கள். அறுபதைத் தாண்டியவளை யார் தட்டுவது. முதல் தடவை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிறகு யோசித்தேன், இவள் பேராசையில் எனக்கும் லாபம்தானே, என் பக்கம் குழி விழுகிறது, பார்க்கிறவர்களுக்கு நான் தின்றதாகக் கணக்கு. நான் சாப்பிடாததன் பாத்தியதை தனக்குத்தான் என்று இவள் குத்தகைக்கு எடுத்துக்கொண்டாளோ என்னவோ. அதற்காக நன்றி சொல்வேனா, மாட்டேன். இவள் தம்பி என்னைக் கட்டிய நாளிலிருந்து என் வீட்டுப் பண்டத்தில் இவள் கண்ணை எனக்குத் தெரியும். தினமும் காலையில் ஒரு சட்டியில் தண்ணீராகக் கஞ்சி கொடுத்தனுப்புவாள், "மிஞ்சிப் போச்சு, வீணாப் போவுது, குடிச்சிரு" என்று. மிஞ்சிப் போனதைக் கொட்டும் இடம் நான். ஆனாலும் அந்தக் கஞ்சியைக் குடித்தேன், அது மட்டும்தான் இறங்கும் என்பதால் குடித்தேன், பூண்டும் வெந்தயமும் போட்டு, ஒரு பருக்கைகூட இல்லாமல் வடித்து, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். இன்று காலை அதுவும் வந்திருந்தது. மூடியைத் திறக்காமலே வைத்துவிட்டேன்.

இறங்காது. இறங்கினால் நல்லது, இறங்காது. ஒருவேளை காலையில் மட்டும் அப்படி இருந்திருக்கலாம், காலை நேரத்தில் வளையம் இறுகிக் கிடக்கும், மதியம் தளரும், முன்பெல்லாம் அப்படித்தானே. முன்பெல்லாம் என்பது உப்புத் தண்ணீர் உள்ளே இருந்தபோது. இப்போது உள்ளே ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாமலே அடைத்திருக்கிறது. அதைத்தான் அவர் சொன்னார். ரத்த ஓட்டம் என்றார். நின்று போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கறுத்துவிடுமோ. கட்டிய விரல் கறுப்பது போல. சின்ன வயதில் விரலில் நூலைச் சுற்றி விளையாடி, கழற்ற முடியாமல் கறுத்து, உம்மா பிளேடை வைத்து அறுத்துவிட்டு, விரலை வாயில் வைத்து ஊதிவிட்டு, முதுகில் ஒன்று வைத்தது ஞாபகம் வருகிறது. இப்போது இங்கே நான் விழுந்தால். நிக்காஹ் நாளில் வீட்டில் மையித்து விழுந்தால். கல்யாணத்தை நிறுத்துவார்களா நடத்துவார்களா, பந்தலைப் பிரிப்பார்களா அதே பந்தலில் கபன் துணி கிழிப்பார்களா, ஹஃப்ஸாவைக் காலமெல்லாம் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். கால் வைக்குமுன்னே உம்மாவை விழுங்கினவள். அல்லாஹ்வே, எனக்குப் பயமாக இருக்கிறது. சாவதற்குப் பயமாக இருக்கிறது, இத்தனை பேர் நடுவில், இவ்வளவு நெய் வாசத்தில். சாகாமல் இருப்பதற்கும் பயமாக இருக்கிறது, வளையத்தை எடுத்துவிட்டால் நான் திரும்ப ஊதிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும், ஒரு முழுப் புரோட்டாவைக் குழம்பில் ஊறவைத்து அவசரமாகச் சாப்பிடும் கனவு வாரத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது, கனவில்கூடத் தொண்டையில் நிற்கிறது. ஊதிப்போய் அதே சோபாவில் இதே மஹ்மூதாவின் முன்னால் உட்கார்ந்திருப்பேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துவிட்டு என் மகளைப் பார்ப்பார். இவருக்கும்தானே காட்டினேன் இந்த மெலிந்த உடம்பை. வாங்கும்போது ஒரு சரக்கைக் காட்டிவிட்டு வேறு சரக்கை அனுப்பிய வியாபாரி மாதிரி ஆகிவிடும்.

சோறு பரிமாறுகிற பெண் வந்துவிட்டாள். குழி விழுந்த இடம் பார்த்துப் போடுவதுதான் அவள் வேலை, நேராக என் பக்கம் வந்து கோப்பையைக் கவிழ்க்கிறாள், ஆவி பறக்க ஒரு குவியல். "போதும், போதும்" என்றால் "வீட்டுக்காரங்களே போதும்னா விருந்தாளிக எப்பிடிச் சாப்புடுவாக?" என்கிறாள். சரியான கேள்வி. நான்தான் கடைசிவரை கையை வைத்திருக்க வேண்டும், வீட்டுக்காரி கையை எடுத்தால் வந்தவர்களை எழுந்திரு என்று சொன்னதற்குச் சமம். மச்சி இந்தக் குழியைத் தோண்டாமல் இருந்திருந்தால் இவள் வந்திருப்பாளா. நெய் வாசம் முகத்தில் அடிக்கிறது. ஒரு வாய் பார்ப்போம் என்று தோன்றுகிறது, சோறு வேண்டாம், தால்ச்சாவின் தண்ணீரை மட்டும் விரல் நுனியில் தொட்டு, ஒரு துளி. நாக்கில் புளியும் காரமும் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது, எவ்வளவு நாளாகிவிட்டது, எங்கள் வீட்டுக் கல்யாணத்துத் தால்ச்சா, இதை நான் தின்று தீர்த்திருக்கிறேன், ஒரு சட்டி, இரண்டு சட்டி. விழுங்குகிறேன். போகிறது, போகிறது, நிற்கிறது. கட்டைவிரல் அழுத்துகிறது. தோள் இழுக்கிறது. மூச்சை மூக்கால் மெல்ல விடுகிறேன். மேலே வராதே, மேலே வராதே, இங்கே வராதே. எதிரே அறை வாசலில் ஹஃப்ஸா தெரிகிறாள், தோழிகள் நடுவில், தலையில் பூ கனத்துக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணால் என்ன என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்று தலையசைக்கிறேன். அவள் பார்வை என் மேலிருந்து மச்சி மேல் போய் அங்கேயே நிற்கிறது, புருவம் சுருங்குகிறது. மச்சியிடம் என்ன பார்க்கிறாள். போன வாரம் மச்சி வீட்டுக்குப் போய் வந்து ஹஃப்ஸாதான் சொன்னாள், "பல்கீஸ் மாமி ரெண்டு இட்லிக்கு மேல தொட மாட்டேங்குறாங்க உம்மா, சுகர் நானூறுக்குப் போயிருச்சாம், சோத்தையே கண்ணுல காட்டக் கூடாதுன்னு டாக்டர் திட்டுனாராம்." அப்போது நான் என்ன சொன்னேன். வீட்டில் தின்றால் சொந்தக் காசு, வெளியில் தின்றால் ஓசி என்று சொல்லிச் சிரித்தேன். ஹஃப்ஸா சிரிக்கவில்லை.

இரண்டு இட்லி. நான் குனிந்து சஹனைப் பார்த்தேன். இதுவரை பார்க்கவில்லை என்றில்லை, கையைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன், மஹ்மூதாவின் கண்ணாடியைப் பார்த்தேன், சோற்றைப் பார்க்கவில்லை. மஹ்மூதாவின் பக்கம் அளவாகக் கரைந்திருந்தது. ஆரிஃபாவின் பக்கம் தட்டின் வெள்ளை தெரிந்தது. என் பக்கம், இப்போதுதான் கொட்டிய குவியலில், திரும்பவும் பாதி காணோம். மச்சியின் பக்கம் சோறு போட்டது போட்டபடி இருந்தது. முந்திரிப்பருப்பு வைத்த இடத்தில் இருந்தது. அவள் பக்கத்திலிருந்து ஒரு பருக்கை அவள் தின்றிருக்கவில்லை. பேராசைக்காரி முந்திரியை விட்டுவைப்பாளா. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன், நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக, கண் சொருக, ஒரு கவளத்தை மென்று மென்று விழுங்க மாட்டாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். அந்த விழுங்கல் எனக்குத் தெரியும். இடமில்லாத இடத்தில் சோற்றை இறக்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். அவள் என்னைப் பார்க்காமலே, உதடு அசையாமல், கறியைப் பற்றி ஏதோ சொல்வது போலச் சொன்னாள்: "கைய எடுத்துராத புள்ள. சும்மா அளஞ்சிக்கிட்டே இரு. நா பாத்துக்குறேன்." "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் மச்சி" என்றேன். "ஒன் வீட்டுக்காரன் எனக்குத் தம்பியில்லையா. அன்னிக்கே சென்னை ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு போன்ல அழுதான். சோத்துச் சபையில புள்ள தனியா மாட்டிக்கிரும்னு சொன்னான். கஞ்சி குடிச்சியா காலையில?" நான் இல்லை என்று தலையசைத்தேன். "அதுவும் எறங்கலியா" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் கை நின்றது. ஒரு நொடிதான். உடனே திரும்பவும் என் பக்கத்துச் சோற்றில் இறங்கி, ஒரு பிடி அள்ளி, தன் வாயில் வைத்துக்கொண்டது.

இத்தனை கல்யாணம். எத்தனை சஹன். அண்ணன் மகன் கல்யாணம், பக்கத்து வீட்டுச் சுன்னத்து, நோன்பு திறக்கிற விருந்து, வலீமா, எல்லாவற்றிலும் முட்டி மடங்காத இந்த மனுஷி என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, எனக்கு விழுந்த சோற்றையெல்லாம் சர்க்கரை உடம்பில் ஏற்றிக்கொண்டாளா. நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதுவும் இவள் காதில் விழுந்திருக்கும், விழாமல் இருக்குமா இந்த ஊரில். எனக்கு அழுகை வந்தது, அழுகைக்கும் தொண்டைதான் வழி, அங்கே ஏற்கெனவே அடைத்திருந்தது. அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள். இவள் நிறுத்த மாட்டாள், நான் கையை வைத்திருக்கும் வரை நிறுத்த மாட்டாள், நிக்காஹ் முடியும்வரை, சாயங்கால விருந்து, நாளை மறுவீடு, சஹன் சஹனாகத் தின்பாள், நான் கறுத்துப்போகும்வரை அளைந்துகொண்டிருப்பேன், இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். மஹ்மூதாவின் கண்கள் எங்கள் மேல் இருந்தன. நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

எடுத்து, மடிமேல் வைத்துக்கொள்ளாமல், எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தேன், விரல்களில் நெய் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. மஹ்மூதாவின் கை பாதி வழியில் நின்றது, பிறகு பிடித்த சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு மேலே வந்தது. ஆரிஃபா வாயிலிருந்ததை மெல்வதை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள். மச்சியின் கை மட்டும் என் பக்கத்துச் சோற்றில் கிடந்தது. அடுத்த சஹனில் பேச்சு நின்றது, அதற்கடுத்த சஹனில் நின்றது, சம்பந்திமார் சஹனில் நடுச்சாப்பாட்டில் கை எழும்பினால் என்ன அர்த்தம் என்று ஊருக்குத் தெரியும். கை கழுவப் படிக்கத்தை ஏந்தி வந்தவள் ஓடி வருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். "என்ன சம்பந்தி, நாங்க எதும் தப்பாப் பேசிட்டமா?" என்றார் மஹ்மூதா, மெதுவாக. "இல்ல. எனக்கு வயித்துல ஆப்பரேசன் பண்ணி வளையம் போட்டிருக்கு" என்றேன். "சீரகமும் இல்ல நடையும் இல்ல. ஒங்க முன்னால குண்டா வந்து நிக்கக் கூடாதுன்னு போட்டுக்கிட்டேன். இப்ப அது நழுவிருச்சு. காலையிலருந்து தண்ணிகூட எறங்கல. இப்பவே மதுரைக்குப் போகலன்னா நா மவுத்தாப் போயிருவேன். ஒங்கள எந்திரிக்கச் சொல்லி நா கைய எடுக்கல. எனக்கு முடியல." சொல்லி முடித்ததும் நுரை பொங்கி வந்துவிட்டது, கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டேன், எல்லாரும் பார்த்தார்கள், இனி பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. அறை வாசலில் ஹஃப்ஸா பூவையும் பொருட்படுத்தாமல் எழுந்து நின்றுவிட்டாள். மஹ்மூதா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த அதே பார்வை மாதிரித்தான் இருந்தது. பிறகு திரும்பி ஹஃப்ஸாவைப் பார்த்தார்.

"நிக்காஹுக்குப் பொண்ணோட வாப்பா வேணும், சாட்சி வேணும், மாப்புள வேணும்" என்றார் மஹ்மூதா. "உம்மா இருந்தாத்தான் செல்லும்னு எங்கயும் நான் கேள்விப்படல. எந்திரிங்க, காரு வாசல்லதான் நிக்கிது, எங்க கார எடுத்துட்டுப் போங்க. புள்ளைய நா பாத்துக்குறேன்." குரலில் கனிவு ஒன்றும் இல்லை, கணக்குச் சொல்கிற குரல்தான், அவர் என்னை மன்னித்தாரா இல்லை பிறகு பேச எடுத்து வைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தூக்கிய கையைத் திரும்பவும் சஹனில் வைத்தார். தன் பக்கத்தில் இல்லை. தட்டைத் தாண்டிக் கையை நீட்டி, என் முன்னால் இருந்த சோற்றில் ஒரு பிடி எடுத்து, சபை பார்க்க வாயில் போட்டுக்கொண்டார். ஆரிஃபா அக்காவைப் பார்த்துவிட்டுத் தானும் எட்டி எடுத்தாள். அடுத்த சஹனில் பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. பல்கீஸ் மச்சி அப்போதுதான் கையை எடுத்தாள். என்னோடு எழுந்திருக்கப் பார்த்தாள், தரையில் கையூன்றினாள், முடியவில்லை, வயிறு அவளை எழ விடவில்லை. "நீங்க இருங்க மச்சி" என்றேன். "போடி, நீ தனியாப் போயிருவியா" என்றாள். நெய்க்கையை நீட்டினேன், நெய்க்கையால் பிடித்தாள், வழுக்கியது, இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இரண்டு பேருமாக எழுந்து வாசலுக்கு நடந்தோம்.